16 வயது ஓட்டுநரின் முதல் டிக்கெட்: கலிஃபோர்னியாவின் இணையவழி டிராஃபிக் ஸ்கூல் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கலிஃபோர்னியாவில் புதிதாக உரிமம் பெற்ற பிள்ளைக்கு முதல் டிராஃபிக் டிக்கெட் கிடைத்ததும் பெற்றோர் முதலில் விசாரிப்பது அபராதம் எவ்வளவு என்பதைத்தான். அபராதத்தை ஒரே நாளில் கட்டி முடித்துவிடலாம். மீறலுக்காக ஓட்டுநர் பதிவேட்டில் ஏறும் பாயிண்ட் என்ற தவறுப் புள்ளி மூன்று ஆண்டுகளுக்கு அங்கேயே இருக்கும். காப்பீட்டு நிறுவனமும் அதைப் பார்க்கும். சாதாரண மீறல்களுக்கு அந்தப் பாயிண்ட் ஏறாமல் தடுக்க மாநிலம் வைத்திருக்கும் வழி, நீதிமன்றத்தின் அனுமதியோடு டிராஃபிக் ஸ்கூலில் ஒரு பாடத்தை முடிப்பது. சென்ற ஆண்டு என் மகளை அத்தகைய இணையவழிப் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். டி.எம்.வி. எனப்படும் மாநில வாகனத் துறையின் உரிமம் பெற்ற பள்ளிகளின் பட்டியலில் அது இருக்கிறது. பெயரைத் தவிர்த்துவிட்டு, பாடம் எப்படி இருந்தது, எதற்கு உதவியது, எங்கே கைவிட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இப்போது உரிமம் எடுக்கும் வயதில் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவேட்டைக் காக்கும் வேலையை இந்தச் சேவை பிசகில்லாமல் செய்தது. ஆனால் 18 வயது நிரம்பாத ஓட்டுநருக்கென்று தனிச் சட்டங்கள் இருக்கின்றன என்பதை ஏறக்குறைய மறந்துவிட்டு, 40 வயதுக்காரருக்கு எழுதிய பாடத்தையே 16 வயதுப் பிள்ளைக்கும் கொடுத்தது. ஓரிடத்தில் அந்தப் பிள்ளை படித்தபடி நடந்தால் சட்டத்தை மீறும் நிலை வரும் அளவுக்கு அந்த மறதி போயிருக்கிறது.

டிக்கெட்டுக்குக் காரணம் ஒரு ஸ்டாப் பலகை. பள்ளி முடிந்து வீடு திரும்பும் வழியில், வலப்புறம் திரும்ப வேண்டிய ஒரு முனையில், மகள் வேகத்தைக் குறைத்தாள், இடப்புறம் பார்த்தாள், வண்டி எதுவும் வரவில்லை என்று கண்டு அப்படியே திரும்பிவிட்டாள். சக்கரங்கள் முழுவதுமாக நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வண்டி அசைவற்று நிற்க வேண்டும் என்பதுதான் சட்டம். மெதுவாகப் போனதும் இடப்புறம் பார்த்ததும் அதற்கு ஈடாகாது. பக்கத்துத் தெருவில் இருந்த காவலர் அதைப் பார்த்து நிறுத்தினார். அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, குறிப்பிட்ட நாளுக்குள் நீதிமன்றத்தை அணுகுவேன் என்ற உறுதிமொழி மட்டுமே என்பதை அவரே பொறுமையாக விளக்கியதாக மகள் சொன்னாள். பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த மீறலுக்குச் சட்டப்படி அடிப்படை அபராதம் 35 டாலர்தான். அதன்மேல் மாநிலமும் கவுண்டியும் ஏற்றும் கூடுதல் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து தொகை 238 டாலர் அளவுக்கு வந்துவிடுகிறது. வேக வரம்பை 15 மைல் வரை தாண்டினாலும் ஏறக்குறைய இதே தொகைதான். சிவப்பு விளக்கில் நேராகத் தாண்டிப் போனால் 490 டாலரை ஒட்டி வரும். டிராஃபிக் ஸ்கூலுக்குப் போனால் இந்த அபராதத்தில் ஒரு காசும் குறையாது என்பதைப் பலர் அறிவதில்லை. முழு அபராதத்தையும் கட்ட வேண்டும். நீதிமன்றத்துக்கு ஏறக்குறைய 50 டாலர் நிர்வாகக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். பள்ளிக்கு அதன் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். நாங்கள் சேர்ந்த பள்ளி 20 டாலரைச் சற்றுத் தாண்டி வாங்கியது. எல்லாம் சேர்ந்து 300 டாலருக்கு மேல் போய்விட்டது. சில விநாடி நின்றிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய செலவு அது.

அந்தச் செலவு தகுமா என்று தீர்மானிக்க, பதின்ம வயது ஓட்டுநரின் டிக்கெட் பெரியவர்களின் டிக்கெட்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர் 12 மாதத்துக்குள் நான்கு பாயிண்ட், அல்லது 24 மாதத்துக்குள் ஆறு, அல்லது 36 மாதத்துக்குள் எட்டுப் பாயிண்ட் சேர்த்தால்தான் கவனக்குறைவான ஓட்டுநர் என்று டி.எம்.வி. நடவடிக்கையைத் தொடங்கும். 18 வயதுக்குட்பட்டவருக்கு அவ்வளவு இடம் கிடையாது. முதல் மீறலுக்கோ, தன் தவறால் நேர்ந்த முதல் விபத்துக்கோ எச்சரிக்கைக் கடிதம் வரலாம். 12 மாதத்துக்குள் இரண்டாவது ஏறினால், 25 வயது நிரம்பிய உரிமம் பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் 30 நாளுக்கு வண்டியை எடுக்க முடியாது. மூன்றாவது ஏறினால் உரிமம் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டு, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் தொடங்கும். நடுவில் 18 வயது நிரம்பிவிட்டால் இவை மறைந்துவிடும் என்று எண்ணக்கூடாது. விதித்த தடை அதன் முழுக் காலத்துக்கும் தொடரும். டிக்கெட்டும் விபத்தும் ஒரே கணக்கில் சேர்வதால், ஸ்டாப் பலகையில் ஒரு டிக்கெட் வாங்கிய பிள்ளை சில மாதங்களில் வண்டி நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வரும்போது இன்னொரு காரில் மோதினால், அதுவே இரண்டாவதாகிவிடக்கூடும்.

ஆகவே முதல் டிக்கெட்டின் பாயிண்டைப் பதிவேட்டில் ஏற விடாமல் தடுப்பது, பெரியவரைக் காட்டிலும் பிள்ளைக்கு மிகவும் முக்கியம். அதே சமயம் இந்த வாய்ப்பு 18 மாதத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும். முந்தைய மீறல் நடந்த தேதியிலிருந்து அடுத்த மீறல் நடந்த தேதி வரை அந்த 18 மாதம் எண்ணப்படுகிறது. 16 வயதில் ஒரு முறை பயன்படுத்திவிட்டால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு 18 வயது வரை மறுபடி கிடைக்காது. வரம்பைக் காட்டிலும் 25 மைலுக்கு மேல் வேகமாக ஓட்டியவருக்கு நீதிமன்ற எழுத்தரே அனுமதி தர முடியாது, நீதிபதியிடம் போக வேண்டும். மது, போதைப் பொருள் தொடர்பான மீறலுக்கு இந்த வழியே இல்லை. 21 வயதுக்குட்பட்டவரின் இரத்தத்தில் மதுவின் அளவு 0.01 சதவீதம் இருந்தாலே உரிமம் ஓராண்டுக்குப் போய்விடும் என்பதையும் இங்கேயே நினைவூட்டிவிடுகிறேன்.

நீதிமன்ற நடைமுறை கவுண்டிக்குக் கவுண்டி மாறுகிறது. சில இடங்களில் 18 வயதுக்குட்பட்டவரின் டிக்கெட் தனிப் பிரிவுக்குப் போகிறது. பெற்றோர் ஒருவர் உடன் வர வேண்டும் என்றும் கேட்கிறார்கள். எங்களிடமும் கேட்டார்கள், போனோம், சிறிது நேரத்தில் அனுமதி கிடைத்தது. டிக்கெட்டில் எழுதியிருக்கும் தேதியைத் தவறவிடுவது தனிக் குற்றமாகிவிடும் என்பதால், நீதிமன்றத்திலிருந்து கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல், அதன் இணையதளத்தில் டிக்கெட் எண்ணை அவ்வப்போது தேடிப் பார்ப்பது நல்லது.

இனி பாடத்துக்கு வருகிறேன். சேர்வது எளிது. உரிம எண், டிக்கெட் எண், நீதிமன்றத்தின் பெயர், முடிக்க வேண்டிய கடைசித் தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். பிறந்த தேதியையும் கேட்கிறார்கள். இதை ஒரு காரணத்தோடுதான் குறிப்பிடுகிறேன். மாணவிக்கு 16 வயது என்பது முதல் பக்கத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் அந்தத் தகவலை அவர்கள் எங்குமே பயன்படுத்தவில்லை.

பாடத்தின் சிறந்த பகுதி, முன்னுரிமை பற்றிய அத்தியாயம். நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பை மேலிருந்து பார்ப்பது போல வரைந்து, யார் முதலில் வந்து நின்றார், இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்புறம் இருப்பவருக்கு ஏன் வழி விட வேண்டும், நேரே போகிறவரும் இடப்புறம் திரும்புகிறவரும் எதிரெதிரே நின்றால் யார் காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டுகிறார்கள். ஒரு படத்தில் ஓட்டுநர் வெள்ளைக் கோட்டில் நிற்கிறார். வேலியோரச் செடிகள் பார்வையை மறைக்கின்றன. கோட்டில் முழுதாக நின்றபின் மெல்ல முன்னே நகர்ந்து இரண்டாம் முறை பார்க்க வேண்டும் என்று விளக்குகிறது. என் மகளுக்கு டிக்கெட் கிடைத்த முனையும் அப்படிப்பட்டதுதான். அந்தப் படத்தை அவள் மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். கோட்டில் நிற்கும் முதல் நிறுத்தம் நடந்து செல்வோருக்கானது, இரண்டாவது பார்வை குறுக்கே வரும் வண்டிக்கானது என்று அவளாகவே எனக்கு விளக்கினாள். ஓட்டுநர் பயிற்சியில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை என்றும் சொன்னாள். அந்த ஓர் அத்தியாயத்துக்காகவே கொடுத்த கட்டணம் வீண் போகவில்லை என்பேன்.

முன்னே போகும் வண்டியோடு மூன்று விநாடி இடைவெளி விடுவது, மழை நாளில் அதைக் கூட்டுவது, பாதைக் கோடுகளின் நிறமும் வடிவமும் சொல்லும் பொருள் ஆகியவையும் ஒழுங்காகவே இருக்கின்றன. மற்ற அத்தியாயங்களில் பெரும்பகுதி, டி.எம்.வி. கையேட்டை உரைநடையில் திருப்பி எழுதியது போல இருக்கிறது. பிழை இல்லை, சிறப்பும் இல்லை.

கைப்பேசி பற்றிய அத்தியாயத்தில்தான் நான் முன்பு சொன்ன மறதி வெளிப்பட்டது. பேசியைக் கையில் பிடிக்கக் கூடாது, வண்டியின் முன்பலகையிலோ கண்ணாடியிலோ பொருத்தியிருக்க வேண்டும், ஒரே தொடுதலில் இயக்கலாம், ப்ளூடூத் வழியாகக் கையைப் பயன்படுத்தாமல் பேசலாம் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தார்கள். மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "அம்மா, ப்ளூடூத்ல பேசலாம்னு போட்டிருக்கு. எனக்கு அது கூடாதுதானே?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. 18 வயதுக்குட்பட்டவர் வண்டி ஓட்டும்போது கையில் பிடித்தாலும் சரி, பிடிக்காமல் ப்ளூடூத்தில் பேசினாலும் சரி, பேசியைப் பயன்படுத்தவே கூடாது. அவசர உதவிக்கு அழைப்பது மட்டும் விலக்கு. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 23124-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. முதல் முறைக்கு அடிப்படை அபராதம் 20 டாலர், அடுத்தடுத்த முறைகளுக்கு 50 டாலர், இவற்றின்மேல் வழக்கமான கூடுதல் கட்டணங்கள். 2021 ஜூலை முதல், 36 மாதத்துக்குள் இரண்டாம் முறை பிடிபட்டால் பாயிண்ட்டும் ஏறும்.

இது சின்ன விடுபடல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. மாநிலத்தின் உரிமம் பெற்ற ஒரு பள்ளி, மாணவியின் வயதைத் தெரிந்துகொண்டே, அவளுக்குத் தடை செய்யப்பட்ட ஒன்றை அனுமதிக்கப்பட்டதாகக் கற்பிக்கிறது. போதாததற்குப் பாட முடிவுக் கேள்வியில் அதைச் சரியான விடையாகவும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. என் மகள் ஓட்டுநர் வகுப்பில் கவனமாகப் படித்திருந்ததால் பிடித்துவிட்டாள். படிக்காத பிள்ளை, டிராஃபிக் ஸ்கூலே சொல்லிவிட்டது என்ற நம்பிக்கையோடு அடுத்த நாளே காரில் ப்ளூடூத்தை இணைத்துக்கொள்வான். 18 வயதுக்குட்பட்டவருக்கு இது பொருந்தாது என்ற ஒரே ஒரு வரி போதும். அதைச் சேர்க்க எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

18 வயதுக்குட்பட்டவருக்குத் தரப்படும் ப்ரொவிஷனல் உரிமத்தின் கட்டுப்பாடுகளைப் பற்றிப் பாடத்தில் ஒரே ஒரு பக்கம் இருக்கிறது. உரிமம் பெற்ற முதல் 12 மாதம் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது; 20 வயதுக்குட்பட்ட யாரையும் ஏற்றக் கூடாது; பெற்றோரோ, காப்பாளரோ, 25 வயது நிரம்பிய உரிமம் பெற்றவரோ, உரிமம் பெற்ற பயிற்றுநரோ உடனிருந்தால் இரண்டுக்கும் விலக்கு உண்டு என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது. இந்தச் சட்டம் 1998 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது இரவுத் தடை நள்ளிரவில்தான் தொடங்கியது. பிள்ளைகளை ஏற்றிச் செல்வதற்கான தடையும் ஆறு மாதமே இருந்தது. 2006 ஜனவரியிலிருந்துதான் 11 மணி, 12 மாதம் என்று இறுக்கினார்கள். ஏன் இறுக்கினார்கள் என்பதற்கான காரணம் பாடத்தில் இல்லை. அமெரிக்காவில் 16 முதல் 19 வயது வரையிலான ஓட்டுநர்கள், ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும், 20 வயதுக்கு மேற்பட்டவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயிரிழப்பு விபத்துகளில் சிக்குகிறார்கள். இருட்டும், உடன் வரும் நண்பர்களின் பேச்சும் அந்த ஆபத்தைக் கூட்டும் முக்கியக் காரணங்கள். நண்பனை ஏன் ஏற்றக் கூடாது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் வெறும் தடையை மட்டும் சொன்னால், தன் தோழர்களை நம்பாமல் போட்ட தடை என்றே அவன் எடுத்துக்கொள்வான்.

பாடம் தொடாத இன்னொன்று விதிவிலக்குகள். நம் வீடுகளில் தினமும் எழும் கேள்விகள் இங்கேதான் இருக்கின்றன. அக்கா தன் 12 வயதுத் தம்பியை நீச்சல் வகுப்பில் இறக்கிவிடலாமா? தம்பியும் 20 வயதுக்குட்பட்ட பயணிதான் என்பதால், பொதுவிதிப்படி கூடாது. வேறு போக்குவரத்து வசதி போதுமானதாக இல்லாமல், குடும்பத்தின் உடனடித் தேவைக்காக ஓட்ட வேண்டியிருந்தால் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தத் தேவை என்ன, அது எந்தத் தேதியில் முடியும் என்று எழுதிப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் வண்டியில் இருக்க வேண்டும். மருத்துவத் தேவைக்கு மருத்துவரின் கையெழுத்து வேண்டும். பள்ளிக்கோ பள்ளி அனுமதித்த நிகழ்ச்சிக்கோ என்றால் பள்ளித் தலைமையின் அல்லது அதற்கென நியமித்த ஊழியரின் கையெழுத்து. பகுதிநேர வேலைக்கு முதலாளியின் கையெழுத்து. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா ஒத்திகை இரவு 11 மணியைத் தாண்டினால், பள்ளி நிகழ்ச்சி என்ற விலக்கின் கீழ் அது வரும் என்று நம்பிப் பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பதை நான் விரும்பமாட்டேன். யாராவது பெரியவர் போய் அழைத்து வருவதே மேல்.

இந்தக் கட்டுப்பாடுகளை மீறியதற்கு மட்டும் கிடைக்கும் தண்டனை கடுமையானதல்ல. முதல் முறைக்கு 8 முதல் 16 மணி நேரச் சமூக சேவை அல்லது 35 டாலருக்கு மிகாத அபராதம்; இரண்டாம் முறைக்கு 16 முதல் 24 மணி நேரச் சேவை அல்லது 50 டாலருக்கு மிகாத அபராதம். இந்தக் கட்டுப்பாட்டை மீறுகிறாரா என்று பார்ப்பதற்காக மட்டும் காவலர் ஒரு வண்டியை நிறுத்தக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட சில பெற்றோர், அப்படியானால் கவலை இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நினைப்பு எனக்கு வருத்தத்தைத் தருகிறது. ஸ்டாப் பலகையில் நிற்காததற்காக நிறுத்திய காவலரின் கண்ணில் பின்னிருக்கையில் இருக்கும் மூன்று வகுப்புத் தோழர்கள் படாமலா போவார்கள்? அதைக் காட்டிலும், அந்த மூன்று பிள்ளைகளின் பெற்றோருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதே பெரிது. 18 வயதுக்குட்பட்டவரின் உரிம விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட பெற்றோர் பொறுப்பையும் ஏற்கிறார்கள். வேண்டுமானால் அந்த உரிமத்தை ரத்து செய்யும்படி டி.எம்.வி.யிடம் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இந்த உரிமையைப் பயன்படுத்த நேரக்கூடாது என்றாலும், அது இருப்பதைப் பிள்ளையும் அறிந்திருப்பது நல்லது.

இறுதித் தேர்வு எளிதானது. 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பக்கங்களைப் படித்தார்களா என்று உறுதிசெய்யும் ஏற்பாடு எதையும் நான் பார்க்கவில்லை. அத்தியாயத்தை வேகமாக நகர்த்திவிட்டு நேராக வினாக்களுக்குப் போய்விடலாம். நேரம் மிச்சமாகிறது என்று விளம்பரத்தில் இதைச் சிறப்பாகச் சொல்கிறார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே அல்லாடும் பெரியவருக்கு அது வசதியாக இருக்கலாம். ஓட்டத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத பிள்ளையின் பெற்றோர் அதைச் சலுகையாகக் கருத வேண்டியதில்லை. மகளை உணவு மேசையில் உட்கார்ந்து படிக்கச் சொல்லி, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அறையில் தனியாகப் படித்திருந்தால் ப்ளூடூத் பற்றிய அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டே இருக்காது.

கட்டணத்தில் மறைவு எதுவும் இல்லை. பாடத்தை ஒலி வடிவில் கேட்க, சான்றிதழின் நகலைத் தபாலில் பெற என்று வழியில் சில கூடுதல் வசதிகளை விற்கப் பார்க்கிறார்கள். எதுவும் தேவைப்படாது. முடித்த தகவலைப் பள்ளியே மின்னணு முறையில் டி.எம்.வி.க்கு அனுப்புகிறது, நீதிமன்றமும் அதிலிருந்து தெரிந்துகொள்கிறது. கடைசித் தேதிக்கு முன்பே எங்கள் வழக்கில் முடித்த பதிவு தெரிந்தது. எழுதிக் கேட்ட இரண்டு சந்தேகங்களுக்கும் வாடிக்கையாளர் சேவையிலிருந்து மரியாதையாக, அன்றன்றே பதில் வந்தது.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சேவையின் பண மதிப்பு அங்கேதான் இருக்கிறது. 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ஆம் முன்மொழிவின்படி, கலிஃபோர்னியாவில் நல்ல ஓட்டுநருக்குக் குறைந்தது 20 சதவீதத் தள்ளுபடி தர வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பாயிண்ட்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. 16 வயதில் உரிமம் பெற்ற பிள்ளை 19 வயதில்தான் அந்தத் தகுதியைத் தொடும் என்பதால், 16 வயதில் வாங்கிய பாயிண்ட் அந்த வாசலில் வந்து நிற்கும். ஒரு பாயிண்ட் மட்டும் இருந்தால் தகுதி போய்விடாது. ஆனால் அடுத்த மூன்றாண்டில் இன்னொரு தவறுக்கு இடமிருக்காது. டிராஃபிக் ஸ்கூலை முடித்தால் அந்த மீறல் காப்பீட்டு நிறுவனத்தின் பார்வைக்கு வராமல் மறைக்கப்படுகிறது. கல்லூரிக் காலத்தில் பிள்ளையின் காப்பீட்டுக்குக் கட்டப்போகும் தொகையோடு ஒப்பிட்டால், பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் கூடுதலாகக் கொடுத்த 70 டாலர் சொச்சம் பெரிய செலவல்ல. ஆனால் பாயிண்ட்டே ஏறாத மீறலுக்கு, உதாரணமாக முதல் கைப்பேசி டிக்கெட்டுக்கு, இந்தப் பள்ளியால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. டிக்கெட் எந்தப் பிரிவின் கீழ் எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், பதிவேட்டைக் காக்கும் சேவை என்ற முறையில் நாலரை கொடுப்பேன். பதின்ம வயதினருக்கான கல்வி என்ற முறையில் இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. ஒரே டிக்கெட்டோடு இருக்கும் பிள்ளையின் பெற்றோர் தயங்காமல் இந்த வழியை எடுக்கலாம். இந்தப் பள்ளியையோ, இதைப் போன்ற வேறொன்றையோ தேர்ந்தெடுக்கலாம். சேரும் முன் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, 18 வயதுக்குட்பட்டவருக்கான கைப்பேசிச் சட்டமும் ப்ரொவிஷனல் கட்டுப்பாடுகளும் பாடத்தில் எவ்வளவு இடம் பெறுகின்றன என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், டி.எம்.வி. கையேட்டில் 18 வயதுக்குட்பட்டோருக்கான பகுதியைப் பாடம் தொடங்குவதற்கு முன்பே பிள்ளையோடு சேர்ந்து படித்துவிடுங்கள். உரிமம் பெறுவதற்கு முன் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் 50 மணி நேரம், அதில் 10 மணி நேரம் இரவில் ஓட்டிப் பழக வேண்டும் என்று மாநிலம் கேட்கிறது. டிக்கெட் வந்தபின் அந்தப் பழக்கத்தில் சில மணி நேரத்தைத் திரும்பச் செய்யும்படி யாரும் கேட்பதில்லை. நாங்கள் செய்தோம். மகள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, டிக்கெட் கிடைத்த முனையிலும் அதைப் போன்ற மற்ற முனைகளிலும் முதல் நிறுத்தத்தையும் இரண்டாவது பார்வையையும் பழகினோம். எந்தப் பாடத்திலும் கிடைக்காத பயன் அதில் இருந்தது.

ப்ளூடூத் பக்கத்தைச் சுட்டிக்காட்டிப் பள்ளிக்கு எழுதினேன். பாடக்குழுவின் பார்வைக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. இதை எழுதும் வரை அந்தப் பக்கம் திருத்தப்பட்டதாக எனக்குத் தகவல் இல்லை. திருத்தினால், இரண்டு என்ற மதிப்பெண்ணை உயர்த்தி இந்த மதிப்பீட்டையும் மாற்றி எழுதுவேன்.